அடிக்குறிப்பில் ஒரு பல்

"அம்மா, எனக்கு ஒரு துரும்பு வேணும்" என்றாள் வடிவு.

உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"காது குடையவா?"

"இல்லம்மா. புருஷனோட பிடிச்சு முறிக்க."

கை நின்றது.

வேப்பனேரிப் பக்கத்தில் துரும்பு கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒத்துவராவிட்டால் ஏரிக்கரை மடத்துக்கு வந்து, ஆளுக்கொரு முனையாக வைக்கோல் துரும்பு ஒன்றைப் பிடிப்பார்கள். கேட்டு வந்தவர் காரணத்தைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. பிறகு இழுக்க வேண்டும்.

துரும்பு முறிந்தால் கல்யாணமும் முறிந்தது. அதன்பின் இவள் யாரைக் கட்டினாலும் அவன் கேட்கக்கூடாது. அவன் யாரைக் கட்டினாலும் இவள் கேட்கக்கூடாது. ஊர் இரண்டு பேரையும் கேட்கக்கூடாது.

அதில் பாவமும் கிடையாது, வெட்கமும் கிடையாது. போன தை மாதம் ஒருத்தி வந்து துரும்பை முறித்தாள். மடத்துக் கிணற்றில் முகம் கழுவினாள். கழுவின முகத்தோடு சிரித்துக்கொண்டே போனாள். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

உலகம்மைதான் அந்த மடத்தின் குரு. வயது என்று பார்த்தால் வடிவைவிடக் கொஞ்சம்தான் கூட. யாரையும் சேர்த்து வைக்கிறேன் என்று மெனக்கெட மாட்டாள். பிரித்து வைக்கவும் அவசரப்பட மாட்டாள். வந்தவர்கள் கேட்டதைக் கொடுப்பாள். கொடுக்கிற விதம் மட்டும் அவளுடையது.

"திருவம்பலம் கை நீட்டினானா?"

"அய்ய, அவங்க ஈயைக்கூட அடிக்க மாட்டாங்க. ஈ இருக்கறது தெரிஞ்சாத்தானே அடிக்க."

"குடியா?"

"தண்ணி குடிக்கவே நான் ஞாபகப்படுத்தணும்."

"வேற பொம்பளை?"

"இருந்தா அவளும் இப்ப எங்கூட வந்து உங்ககிட்டத் துரும்பு கேட்டு நிப்பா."

"பிறகு என்னதான்?"

"புத்தகம்" என்றாள் வடிவு. இடுப்பிலிருந்த பிள்ளையைத் தரையில் இறக்கிவிட்டாள்.

திருவம்பலம் உலகம்மையின் சீடன். மடத்துச் சுவடி அறைதான் அவனுக்கு எல்லாம். கல்யாணமான மறு மாதமே ஒரு நூல் எழுத உட்கார்ந்தான். எந்தெந்தக் காலத்தில், எந்தெந்த ஊரில், புருஷன் பெண்டாட்டிகள் எப்படியெப்படிப் பிரிந்தார்கள் என்று. உட்கார்ந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

நூலின் பெயர்: 'மணவுறவுக் கலைப்பு நெறிமுறைகளின் வரலாற்றியக்கம்: ஒரு கட்டமைப்பியல் மீள்நோக்கு.'

அதை மூச்சு விடாமல் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் இரண்டு பேர். ஒன்று எழுதியவன். இன்னொன்று வடிவு. ஏனென்றால், அவன் படியெடுத்த ஒவ்வொரு தாளையும் உரக்க வாசித்து ஒத்துப்பார்க்கிற வேலை அவளுடையது.

"எங்க, கொஞ்சம் சொல்லேன் கேட்போம்" என்றாள் உலகம்மை.

வடிவு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இணையர்தம் உறவுக் கட்டமைவின்கண் நிகழும் நெகிழ்வின்மையானது, காலப்போக்கில் விலகுநிலை உந்துதலாக உருமாற்றம் எய்துதல் ஈண்டு நோக்கத்தக்கது."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ரெண்டு பேருக்கும் ஒத்துக்கலையாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு இல்லம்மா. கீழே அரைப்பக்கம் அடிக்குறிப்பு இருக்கு."

உலகம்மை சிரித்தாள். வடிவும் சிரித்தாள்.

"ஒண்ணுக்கு உதவுது அம்மா. மூணாம் இயலைப் படிச்சா தேனு உடனே தூங்கிருவா. தாலாட்டுக்குக்கூட அப்படித் தூங்க மாட்டா. நாலாம் இயலுக்கு நானே தூங்கிடறேன்."

கீழே தேனு முருங்கைக் காம்பு ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். வடிவு பார்க்காமலே கையை நீட்டி அதைப் பிடுங்கினாள்.

"நீ போறேன்னு அவன்கிட்டச் சொன்னியா?"

"சொன்னேன். நேத்து சோறு போடும்போது, உங்களை விட்டுட்டுப் போகப்போறேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"தலை நிமிரல. 'நன்று, எந்தக் காலகட்டம்?'னு கேட்டாங்க."

இதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கடைசிச் சொல்லில் மட்டும் குரல் லேசாக இடறியது.

உலகம்மை இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"எங்க போவே?"

"அண்ணன் வரச் சொல்லிட்டாரு. மதினியும் நல்லவங்கதான். ஏரிக்கு அந்தப் பக்கம், கருப்பட்டி காய்ச்சுற ஊரு. எனக்குக் கை வேலை தெரியும். பிள்ளைய வளர்த்துருவேன்."

"அப்ப நேரா போக வேண்டியதுதானே. துரும்பு எதுக்கு?"

வடிவு சுவடி அறைப் பக்கம் பார்த்தாள்.

"நான் போனது அவங்களுக்குத் தெரியணும்ல. நான் பாட்டுக்குப் போயிட்டா, 'வடிவு, விளக்கை இந்தப் பக்கம் நகர்த்து'ன்னு வெறும் சுவத்தைப் பார்த்துச் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. ஒருத்தரை விட்டுட்டுப் போறதுக்கும் அவரு எதிர்ல இருக்கணும்ல அம்மா."

உலகம்மை கீரைக் கட்டில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.

"உருவு. உருவிக்கிட்டே உன் குறையெல்லாம் சொல்லு. முதல்ல உன் பாஷையில. அப்புறம் அவன் பாஷையில."

"அவங்க பாஷையிலயா? எதுக்கு?"

"எனக்கும் நாலு நல்ல வார்த்தை தெரிய வேண்டாமா?"

வடிவு உருவினாள்.

"ஒருநாள் வேணும்னே குழம்புல உப்பே போடல. மறுநாள் கையால அள்ளிப் போட்டேன். ரெண்டு நாளும் ஒரே மாதிரி தலையாட்டிட்டு எழுந்து போனாங்க."

"அவன் பாஷையில?"

"உணவளிப்பு நிகழ்வில் எதிர்வினையின்மை."

"அடி சக்கை. அடுத்தது?"

"மாசி மாசம் காய்ச்சல்ல கிடந்தேன். எழுந்திருக்க முடியல. பக்கத்துல வந்தாங்க. நெத்தியில கை வெப்பாங்கன்னு பார்த்தேன். என் தலைமாட்டுல இருந்த மைக்கூட்டை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அது?"

"நலிவுற்ற தரப்பின்பால் கவனக்குவிவு பிறழ்தல்."

"பிள்ளைக்கு என்ன பேரு அவன் நூல்ல?"

"குலத்தொடர்ச்சி அலகு."

உலகம்மை குனிந்து தேனுவின் கன்னத்தைக் கிள்ளினாள். "ஏட்டி, நீ அலகாம்ல."

ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். 'கவனக்குவிவு' என்ற இடத்தில் நாக்கு மூன்று தடவை சுளுக்கியது. வடிவு திருத்தினாள். கீரை முடிந்தபோது பாடமும் முடிந்தது.

"சரி, நீ அந்தத் தூணோரமா உட்காரு" என்று சொல்லிவிட்டு, சுவடி அறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள் உலகம்மை.

திருவம்பலம் வந்தான். கையில் தாள்கட்டு, காதில் எழுதுகோல், மூக்கில் மை. பார்வை தாளில். நடுவழியில் தேனு தவழ்ந்துகொண்டிருந்தாள். வாசற்படியைத் தாண்டுகிற மாதிரி அவளைத் தாண்டினான்.

"பிள்ளையத் தாண்டினா வளராது. திருப்பித் தாண்டுங்க" என்றாள் வடிவு, தூணோரத்திலிருந்து. அது அவள் வாயில் தானாக வந்தது.

அவனும் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் திரும்பி வந்து தாண்டினான். அப்புறம் சுற்றிக்கொண்டு போனான். அவ்வளவும் தானாகத்தான் நடந்தது.

வடிவு உலகம்மையைப் பார்த்தாள். பார்த்தீங்களா என்பது போல. உலகம்மை பார்த்தேன் என்பது போலக் கண்ணை மூடித் திறந்தாள்.

"திருவம்பலம், ஒரு வழக்கு வந்திருக்கு. துரும்பு விஷயம். உன்னைவிட இதுல படிச்சவன் இந்த மடத்துல யாரு இருக்கா? கேட்டுட்டு நீயே ஒரு முடிவு சொல்லு."

அவன் சப்பணமிட்டு உட்கார்ந்தான். முகம் மலர்ந்தது.

உலகம்மை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இணையரில் ஆண் தரப்பு, உணவளிப்பு நிகழ்வில் எதிர்வினையின்மை உடையது."

அவன் தலை சட்டென்று உயர்ந்தது. இப்படி ஒருவர் பேசி அவன் கேட்டதேயில்லை.

"மேலும், நலிவுற்ற தரப்பின்பால் கவனக்குவிவு பிறழ்தலும் பதிவாகியுள்ளது. உரையாடல் வழித்தடங்கள் முற்றிலும் அடைபட்டுள. குலத்தொடர்ச்சி அலகு ஒன்று. அதன்பாலும் கவனம் இன்மை ஈண்டு நோக்கத்தக்கது."

"தாயே" என்றான் திருவம்பலம். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "இவ்வளவு செறிவாக நான்கூட எழுதியதில்லை."

"இருக்கட்டும். துரும்பு கொடுக்கலாமா, கூடாதா?"

"ஐயத்திற்கே இடமில்லை. கலைப்பிற்கு முழுத் தகுதி உண்டு. நான் ஆய்ந்தவற்றுள் இத்துணைத் தெளிவான நேர்வு வேறில்லை. ஏழாம் இயலில் சேர்த்துக்கொள்ள இசைவு தர வேண்டும்."

"ஆண் தரப்புல சொல்லிக்க ஏதாவது இருக்குமா? நாம அவசரப்படக் கூடாது பாரு."

"என்ன இருக்கும் தாயே? பெண்டாட்டி காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். அவனுக்கு அது உறைக்கவில்லை. அந்த ஆள் சரியான மரக்கட்டை."

தூணோரத்தில் வடிவு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"அப்ப சரி. நீயே நடத்தி வெச்சிரு."

திருவம்பலம் எழுந்தான். மாட்டுத் தொழுவத்துக்குப் போய் வைக்கோற்கட்டை அலசினான். ஒன்று பூஞ்சை பிடித்தது, வேண்டாம். ஒன்று குட்டை. ஒன்றில் கணு. கடைசியில் மஞ்சளாக, நீளமாக, நல்ல துரும்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினான்.

"பெண் தரப்பு இங்கே, கிழக்குப் பார்த்து. ஆண் தரப்பு எதிரே. ஆண் எங்கே தாயே?"

"இங்கதான் எங்கயோ இருக்கான். இன்னும் வந்து சேரல. அதுவரைக்கும் நீ அந்த இடத்துல நில்லு."

"பதிலாள் நிற்பதற்கு முற்காலச் சான்று உண்டு" என்று சொல்லி நின்றான்.

வடிவு எழுந்தாள். தேனுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளை விளையாடிக் களைத்துப்போய் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. வடிவு போய் எதிரில் நின்று துரும்பின் மறுமுனையைப் பிடித்தாள்.

அவன் துரும்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்படிப் பிடிக்கலாகாது அம்மா. கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும். நடுவிரலை எடுங்கள்."

வடிவு நடுவிரலை எடுத்தாள்.

கட்டிய புருஷன் தன்னிடம் 'அம்மா, எடுங்கள்' என்று மரியாதையாகப் பேசி அவள் கேட்டது அன்றைக்குத்தான். இனி இழுக்க வேண்டியதுதான். இழுத்துவிட்டால் நாளைக்குக் காலையில் ஏரிக்கு அந்தப் பக்கம்.

"காரணத்தைச் சொல்லலாம்" என்றான் திருவம்பலம். "குறுக்கே யாரும் பேச மாட்டோம்."

"இப்ப என் பாஷையில சொல்றேன்" என்றாள் வடிவு.

உலகம்மை தலையசைத்தாள்.

"பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருக்கு. கீழ்ப் பல்லு. நான்தான் முதல்ல பார்த்தேன். கரண்டி பட்டு டிங்குனு சத்தம் கேட்டுச்சு. எனக்குத் தலைகால் புரியல. அடுப்பை அப்படியே போட்டுட்டு ஓடி வந்து சொன்னேன். எழுதிக்கிட்டு இருந்தாங்க. திரும்பவும் சொன்னேன். அதுக்கு, 'நல்லது, அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்'னாங்க. நான் திரும்பி அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கி வழிஞ்சு கிடந்துச்சு. துடைச்சேன். துடைக்கும்போது முடிவு பண்ணினேன். அவ்வளவுதான் என் காரணம்."

"இதை அடிக்குறிப்பில்..." என்று ஆரம்பித்தான் திருவம்பலம்.

நிறுத்தினான்.

அவன் பார்வை துரும்பில் இருந்தது. மெல்ல நகர்ந்தது. மறுமுனையைப் பிடித்திருந்த விரலுக்குப் போனது. சூடுபட்ட மணிக்கட்டுக்குப் போனது. முழங்கைக்கு. சாயம் போன நீலப் புடவைக்கு. தோளில் கிடந்த சின்னத் தலைக்கு. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் முகத்துக்கு வந்தது.

"வடிவு" என்றான்.

"ஆமா."

தொழுவத்தில் மாடு ஒன்று மணியை அசைத்தது.

திருவம்பலத்தின் காதிலிருந்த எழுதுகோல் கீழே விழுந்தது. அவன் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

"ஆண் தரப்பு வந்து சேர்ந்தாச்சு" என்றாள் உலகம்மை. "பதிலாள் போகலாம். தீர்ப்பு முன்னாடியே சொல்லியாச்சு. முழுத் தகுதி. வடிவு, நீ கேட்ட துரும்பு கையில இருக்கு. இழுக்கிறதும் விடறதும் உன் பாடு."

வடிவு விரலை இறுக்கினாள்.

"இழுத்துடாத" என்றான் திருவம்பலம்.

"ஏன்? நீங்கதானே தகுதி உண்டுன்னீங்க. மரக்கட்டைன்னும் சொன்னீங்க."

"சொன்னேன்."

"பிறகு?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். ஏழு இயல்களும் தொண்டைவரைக்கும் வந்து, எட்டிப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே திரும்பிப் போயின. அது அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. வடிவு காத்திருந்தாள். இப்படி அவன் வார்த்தை இல்லாமல் நின்று அவள் பார்த்ததில்லை.

"எனக்கு அந்தப் பல்லைப் பார்க்கணும்" என்றான் கடைசியில்.

வடிவு அவனையே பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். வீட்டில் புதுசாக ஒரு ஆள் வந்து நின்றால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

பிறகு பிள்ளையின் முதுகைத் தட்டினாள்.

"தேனு, வாயைத் திற. யாரோ பார்க்கணுமாம்."

பிள்ளையைக் கொடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. துரும்பின் முனையை விட்டாள்.

"இன்னைக்குப் போகல. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்றாள். "நாளைக்கும் இந்தக் கண்ணு தாளுக்குள்ளயே கிடந்துச்சுன்னா, அண்ணன் வீடு அங்கயேதான் இருக்கு."

"சரி."

"விரலை வாய்க்குள்ள வெக்காதீங்க."

அவன் வைத்தான்.

"ஆ" என்றான்.

"அதுதான் பல்லு" என்றாள் வடிவு.

திருவம்பலம் விரலை உதறிக்கொண்டான். பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான். மறுபடியும் விரலைக் கொண்டுபோனான். மறுபடியும் கடிவாங்கினான். ஒரு கையில் தேனு. இன்னொரு கையின் இரண்டு விரலுக்கு நடுவே அந்த மஞ்சள் துரும்பு, முழுசாக. அது இன்னும் அங்கே இருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"அம்மா, இதை இப்ப என்ன பண்றது?"

"எனக்கென்ன தெரியும்? உன் புத்தகத்தைப் பாரு" என்றாள் உலகம்மை.

அவன் யோசித்தான். முதல் இயலிலிருந்து கடைசி இயல்வரைக்கும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தான்.

"அதுல முறிஞ்சது மட்டும்தாம்மா இருக்கு" என்றான்.